கத்தாருக்குப் போன கால்கள்

ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை நான் அப்போது கத்தாரில் இருந்தேன். உண்மையில் எங்கள் வீட்டு மாடியறையில், இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவைத்துப் படுத்துக் கிடந்தேன். சூட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாடிக்குக் கூரை சிமெண்ட் ஷீட்.

என் பெயர் எல்வின். வயது முப்பத்தொன்று. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அம்மா பங்குச் சாமியாரிடம் கொடுத்த பயோடேட்டாவில் ஐந்தடி ஆறு. நடுவில் இருந்த அந்த மூன்று அங்குலம்தான் ஆறு வருஷமாக என் கல்யாணத்தை மறித்துக்கொண்டு நின்றது. பெண் வீட்டார் வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், நான் நாற்காலியை விட்டு எழுந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். போய்ப் போன் பண்ணுகிறோம் என்பார்கள். எந்தப் போனும் வந்ததில்லை. ஊரில் எனக்கு அரைப்படி என்று பேர். கத்தாரில் நாலு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, கூலிங்கிளாஸும் சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்கியபோதும் 'அரைப்படி வந்துட்டானாம்' என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஆனால் குள்ளனுக்குக் கோபம் வந்தால் அதற்கும் சிரிப்பார்கள்.

அதனால்தான் போய்க் காலை வெட்டிக்கொண்டேன். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எலும்பைக் குறுக்கே அறுத்து, வெளியே வளையம் மாட்டி, கம்பிகளால் எலும்போடு கோத்துவிடுகிறார்கள். வளையத்தில் இருக்கும் திருகை ஒரு நாளைக்கு நாலு தடவை திருகினால் எலும்பு ஒரு மில்லிமீட்டர் விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு வளரும். ஐந்து சென்டிமீட்டர் எங்கள் இலக்கு.

"கால வெட்டி ஒட்டுனவன்னு பேரு வந்துச்சு, அப்புறம் எவன்டா பொண்ணு குடுப்பான்? குள்ளன்னு சொல்றது பரவாயில்லன்னு ஆயிடும்" என்றாள் அம்மா. அது நியாயமாகத்தான் பட்டது. ஆகவே புத்தாண்டுப் பூசை முடிந்து, ஊரெல்லாம் கைகுலுக்கி வழியனுப்ப, திருச்சி ஏர்போர்ட் என்று சொல்லிக் கிளம்பி நேரே சென்னைக்குப் போனேன். காணும் பொங்கலன்று தெருவே தஞ்சாவூருக்கும் கல்லணைக்கும் போயிருந்த மதிய நேரத்தில், அப்பா என்னை ஒரு வேனில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏப்ரல் வரை நான் கத்தாரில் இருப்பதாக ஏற்பாடு.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் பிசியோதெரபி மேடம் செந்தாமரை எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சிலேயே சொன்னார்.

"எலும்பு வளர்றத பத்திக் கவலப்படாதீங்க, அது வளந்துடும். நான் பயப்படுறது ரத்தக் கட்டிக்கு. அசையாம படுத்துக் கெடந்தா கால்ல ரத்தம் தேங்கும், தேங்குனா கட்டும். கட்டி கால்லயே இருந்தா வீக்கம், வலி. அங்கருந்து கழண்டு நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னா மூச்சு அடைச்சுடும், ஆளே போயிடுவாங்க. அதனால வாக்கர புடிச்சுக்கிட்டு மணிக்கு ஒரு தடவ நடக்கணும். தண்ணி நல்லாக் குடிக்கணும். ஒரு மாசம் தெனம் வயித்துல ஊசி. கெண்டைக்கால் வலிச்சு வீங்குச்சுன்னா உருவிவிடக் கூடாது, எனக்குப் போன் பண்ணணும்."

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அப்பா ஜேசுராஜ் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அவர் அந்த நேரம் முழுக்க என் காலில் இருந்த நட்டுகளுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பானர் பொருந்தும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. வலியைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்சம் அக்கா காலையில் பத்து மணிக்கு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தால், சீரியல் எல்லாம் முடிந்து நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவர் தலைக்கு நேர் மேலே என் அறை. வாக்கரை ஒரு தடவை ஊன்றினால் கீழே டொக்கென்று கேட்கும். முதல் நாளே கேட்டுவிட்டது. பெருச்சாளி என்று அம்மா சமாளித்தாள்.

நல்லவேளை, சம்பா அறுப்பு வந்தது. கொல்லைப் பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் இறங்கி உறும ஆரம்பித்ததும் நான் வாக்கரை எடுத்துவிடுவேன். மெஷின் வரப்பு வரை போகும், நான் சுவர் வரை போவேன். அது திரும்பும், நானும் திரும்புவேன். டிரைவர் டீ குடிக்க நிறுத்தினால் நானும் நடு அறையில் ஒற்றைக்காலைத் தூக்கியபடி நிற்பேன். இப்படிப் பதினைந்து நாள் நன்றாகவே நடந்தேன். அப்புறம் எங்கள் பக்கத்து வயல்களெல்லாம் முடிந்து மெஷின்கள் மன்னார்குடிப் பக்கம் போய்விட்டன. வைக்கோலைக்கூடக் கட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் அப்படியே அமைதியாகிவிட்டது. நான் படுத்துவிட்டேன்.

தண்ணீர்க் கதை இன்னும் கேவலம். மாடியில் கக்கூஸ் கிடையாது. பாட்டிலில் பிடித்து வைப்பதை அம்மா கீழே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அம்சம் அக்கா இருக்கும்போது முந்தானைக்குள் பாட்டிலை மறைத்துக்கொண்டு எத்தனை தடவை கூடத்தைத் தாண்டுவாள் பாவம்? நானே குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அதோடு, காயம் இருக்கும்போது தண்ணீர் அதிகம் குடித்தால் புண்ணில் நீர் கோக்கும் என்று அம்மாவும் நம்பினாள்.

ஊசி மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். பிப்ரவரி முதல் வாரம் செந்தாமரை மேடம் வீடியோ காலில் கேட்டார்.

"நல்லா நடக்குறீங்களா எல்வின்? உண்மையச் சொல்லுங்க. நீங்க நடக்குறத வச்சுத்தான் டாக்டர் ஊசிய நிறுத்துறதா, தொடர்றதான்னு முடிவு பண்ணுவாரு."

"மணிக்கு ஒரு தடவ நடக்குறேன் மேடம். தண்ணி மூணு லிட்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நடக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் பொய்யை நம்பி டாக்டர் ஊசியை நிறுத்தினார். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. காலையில் எழும்போதே இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. தொட்டால் சுட்டது. வலது காலைவிடப் பருத்திருந்தது. அப்பா வந்து பார்த்தார்.

"நீர் கோத்துக்கிட்டு நரம்பு சுருண்டிருக்கு. இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டிருக்க" என்று சொல்லிவிட்டு, கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயோடு உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷம் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டிய கட்டைவிரல்கள். வளையங்களுக்கு நடுவே விரலை விட்டுக் கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக உருவினார். உயிர் போனது. எனக்கு மேடம் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அப்பா என் காலைப் பிடித்துவிடுவது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உருவி முடித்ததும் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். எங்கள் பங்கில் இருபது இருபத்தைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். ஜனவரியிலேயே எங்கள் முறை. அம்மா ஏதோ சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டாள். இரண்டாவது தடவை தள்ளினால் சந்தேகம் வரும். ஆறு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. பிள்ளைகள் யாராவது மாடிக்கு ஓடிவந்துவிடுவார்கள் என்று அம்மா என் அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

"ஒரு மணி நேரம்தான்டா. இருமல் வந்தாக்கூடத் தலகாணியில வாய வச்சுக்க" என்று கதவுக்கு அப்புறமிருந்து சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பது பேராவது வந்திருப்பார்கள். அன்பியத் தலைவி அருள்ஜோதி டீச்சரின் குரல் மைக் இல்லாமலேயே மாடிக்கு வந்தது. முதலில் கருத்துகளைச் சொல்லி மன்றாடினார்கள். ஒருவர் மகளின் பிரசவத்துக்கு. ஒருவர் நெல் கொள்முதல் ஆவதற்கு. அப்புறம் டீச்சர், "கடல் கடந்து கத்தார் நாட்டுல தனியா கஷ்டப்படுற நம்ம எல்வினுக்காக. எந்த ஆபத்தும் இல்லாம ஆண்டவர் அவரப் பாத்துக்கணும்னு மன்றாடுவோம்" என்றார். நாற்பது பேரும் சேர்ந்து எனக்காக மன்றாடினார்கள். அரைப்படி என்று கூப்பிடும் வாய்கள்தான். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அழுகையால்தான் மூச்சு முட்டுகிறது என்று முதலில் நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தேன். குறையவில்லை. இழுத்த காற்று பாதியிலேயே நின்றது. வலது விலாவில், மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஊசி இறங்கியது. நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

கீழே ஜெபமாலையின் முதல் பத்து ஆரம்பித்தது. பத்துப் பத்து மணிகளாக மொத்தம் ஐந்து பத்து. முடிய அரை மணி நேரம் ஆகும். முதல் பத்து முடியட்டும், சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். சரியாகவில்லை. இரண்டாவதில் அம்மாவுக்குப் போன் அடித்தேன். கீழே மணி ஒலிப்பது கேட்டது. உடனே கட் ஆனது. மறுபடி அடித்தேன். அணைத்துவிட்டாள். அப்பாவுக்கு அடித்தேன். கூட்டம் முடிந்ததும் கொடுக்க டீயும் போண்டாவும் வாங்கிவர மெயின் ரோட்டுக்குப் போயிருந்திருக்கிறார். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டிக்கொண்டது.

கத்தினால் போதும். நாற்பது பேர் பத்தே படிக்கட்டுத் தூரத்தில் இருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். அவர்கள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, காலைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. மூடிக்கொண்டேன்.

மூன்றாவது பத்தில் செந்தாமரை மேடத்துக்கு 'மூச்சு வாங்குது' என்று மெசேஜ் போட்டேன். அடுத்த நொடி கூப்பிட்டார்.

"நெஞ்சு குத்துதா? கால் எப்படி இருக்கு?"

"எடது கால் வீங்கிருக்கு மேடம். காலையிலேர்ந்து." கிசுகிசுப்பாகத்தான் வந்தது. நான் விரும்பினாலும் சத்தமாகப் பேசியிருக்க முடியாது.

"யாராச்சும் உருவினாங்களா?"

"அப்பா."

"வீட்டுல யாரு இருக்கா?"

"நாப்பது பேரு."

"அப்புறம் என்ன, அவங்களக் கூப்பிடுங்க."

"முடியாது மேடம். நான் கத்தார்ல இருக்கேன். ஜெபம் முடியட்டும். பதினஞ்சு நிமிஷம்."

"எல்வின், நான் சொல்றதக் கேளுங்க. கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கு. பதினஞ்சு நிமிஷம் உங்ககிட்ட இருக்கான்னு எனக்குத் தெரியாது. செத்தாலும் அதே படி வழியாத்தான் தூக்கிட்டுப் போவாங்க, அதே நாப்பது பேரு பாப்பாங்க. இப்ப நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. அசையாதீங்க, தலையத் தூக்கி வச்சு உக்காருங்க."

நான் மூன்றாவது பத்து முடியும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான்காவது தொடங்கியபோது உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மரத்திருந்தது. அப்போதுதான் அழைத்தேன். ஊர் பேர் சொல்லி, ஜெபம் நடக்குற வீடு, மாடி என்றேன். மாடி என்றது அந்தப் பக்கம் கேட்டதோ என்னவோ, மூச்சு அதற்குள் தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் நேரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஐந்தாவது பத்தும் முடிந்து பிரார்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் சைரன் கேட்டது. நெருங்கி வந்து எங்கள் வாசலில் நின்றது. கீழே ஜெபம் அப்படியே நின்றுபோனது. யாருக்கோ, யாருக்கு என்று சலசலப்பு. ஆம்புலன்ஸ்காரரின் குரல், "ஜெபம் நடக்குற வீடு இதுதானுங்களே? பேஷண்ட் எங்கங்க?"

பதில் சொன்னது அம்மா. அவள் குரல் எனக்குத் தெரியாதா?

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. யாரோ தப்பாப் போன் பண்ணிருக்காங்க. நீங்க போங்க."

ஆம்புலன்ஸ்காரர் என் நம்பருக்கு அழைத்திருக்க வேண்டும். மெத்தையில் இருந்த போன் அதிர்ந்தது. ஈரக்கையில் பிடிபடாமல் வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் விழுந்து, அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது. வளையம் மாட்டிய காலோடு குனிய முடியாது. வாசலில் வண்டியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

அசையாதே என்று மேடம் சொன்னதை மீறித்தான் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கினேன். உட்கார்ந்தபடியே பின்பக்கமாகத் தேய்த்துக் கதவுவரை போனேன். ஆறடி இருக்கும். இடையில் இரண்டு தடவை கண் இருட்டியது. கதவைத் தட்டக் கையில் பலமில்லை. வலது காலைத் தூக்கி அந்த இரும்பு வளையத்தைக் கதவில் மோதினேன். எலும்பை அறுத்த இடத்தில் வலி தலைக்கு ஏறியது. மறுபடி மோதினேன். வீடே அதிர்ந்தது. இதைப் பெருச்சாளி என்று யாராலும் சொல்ல முடியாது.

"மேல யாரு மேரி?" என்று அம்மாவைக் கேட்டார் அருள்ஜோதி டீச்சர்.

அம்மா படியேறி ஓடிவரும் சத்தம் கேட்டது. பின்னாலேயே பல கால்கள். தாழ்ப்பாள் விலகியது. அம்மா கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். என் உதடு என்ன நிறத்தில் இருந்ததோ. அவள் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் தலைகள் எட்டிப் பார்த்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்றால், எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது, இரண்டு மூச்சுக்கு மேல் இருக்காது. பிறகு கையை எடுத்தாள்.

"ஆம்புலன்ஸ நிறுத்துங்க. என் பையன்தான். எல்வின்தான்" என்றாள்.

நாற்பது பேர் வழிவிட, ஸ்ட்ரெச்சரில் என்னை அந்தப் படி வழியாகவே இறக்கினார்கள். ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டிருந்ததால் முகத்தைப் பாதி மறைத்துக்கொள்ள முடிந்தது. கால்களை மறைக்க எதுவுமில்லை. அம்சம் அக்கா மட்டும் அழுதார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் கட்டிகள், காலில் மிச்சம். ரத்தம் கட்டாமல் இருக்க ஊசி, அப்புறம் ஆறு மாதத்துக்கு மாத்திரை. இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். திருகுவதை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். முப்பத்திரண்டு மில்லிமீட்டரோடு நின்றது. ஊரே ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து பார்த்தது. எல்லோரும் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, போர்வையை லேசாக விலக்கிக் காலைப் பார்த்தார்கள். ஒன்றரை அங்குலம்கூட வளரவில்லை என்று கேட்டு உச்சுக்கொட்டினார்கள். அப்பா உள்ளே வருவதே இல்லை. வராந்தாவில் நின்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள்.

நாலாம் நாள் மதியம் கூட்டம் ஓய்ந்திருந்தது. அம்மா ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"வண்டி வந்தப்ப உனக்குத்தான்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். "ரெண்டு தடவ போன் பண்ணிருந்தியே. தெரிஞ்சேதான் போகச் சொன்னேன். அந்த நேரத்துல அவங்க நாப்பது பேரும் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க. நீ தெரியல. நானெல்லாம் ஒரு தாயா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளை மட்டும் குற்றவாளியாக உட்காரவைத்துப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

"நீ ஒரு நிமிஷம்தாம்மா மறைச்ச. எனக்கு ஜெபமாலையில மொத பத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூச்சு அடைச்சுருச்சு. நாலாவது பத்துலதான் போன் பண்ணேன். இருபது நிமிஷம். சாவுறதா, தெரியுறதான்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இனிமே யார்கிட்டயும் எதையும் மறைக்க வேண்டாம்டா, போதும், என்றாள். போதும்மா, என்றேன் நானும். மனசு நிஜமாகவே லேசாகிவிட்டது.

பக்கத்துக் கட்டிலுக்கு அன்றைக்குப் புதிதாக ஆள் வந்திருந்தார்கள். துணைக்கு வந்த பெண்மணி பட்டுக்கோட்டைப் பக்கம் போலிருக்கிறது. பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, போர்வைக்கு வெளியே தெரிந்த இரும்பைப் பார்த்தார்.

"தம்பிக்குக் கால்ல என்னங்க ஆச்சு?"

நீயே சொல் என்பதுபோல் அம்மா என்னைப் பார்த்தாள்.

"பைக்ல விழுந்துட்டேங்க" என்றேன்.